பாதையில் பள்ளம், பீலியில் சேறு: மலையகத்தில் துளையிடும் தளங்களிலும் பாதைகளிலும் மண்ணரிப்புக்குக் காரணம் கண்டுபிடிப்பது எப்படி?

இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் குழாய்க்கிணறு தோண்டும் வண்டி வருகிறது என்றால், அதற்கு முன்னால் பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) வந்துவிடும். லயத்துக்கு (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு) மேலே தேயிலை மலையை வெட்டி ஒரு பாதை போடுவார்கள். பாதை முடிகிற இடத்தில் வண்டி நிற்க ஒரு தளம். சில நாளில் வேலை முடிந்து வண்டி போய்விடும், பாதையும் தளமும் அப்படியே கிடக்கும். ஹற்றன், மஸ்கெலியா பக்கம் மே மாதத்துத் தென்மேற்குப் பருவமழையிலும், பதுளை, அப்புத்தளை பக்கம் ஒக்டோபர் நவம்பர் பின்னேர இடிமழையிலும் தொல்லை தொடங்கும். கட்டிடம் கட்டுவதற்கு முன் மண்ணைச் சோதிக்கத் துளை போடுகிற இடங்களிலும் இதே கதைதான்.

இந்தத் தொல்லைகள் இடத்துக்கு இடம் பெரிதாக மாறுவதில்லை. அதனால் கண்ணில் படும் அறிகுறியை வைத்தே பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் மண்வெட்டியால் சரிசெய்யக்கூடிய காரணம் முதலிலும், காசு செலவாகிற காரணம் கடைசியிலும் வரும்.

பார்க்கப் போகும்போது மண்வெட்டி, அளவு நாடா, மட்டம் பார்க்கிற ரப்பர் குழாய், நாலைந்து முளைக்குச்சி, மூடியுள்ள இரண்டு தெளிவான போத்தல் இருந்தால் போதும். வெயிலில் போனால் காய்ந்த தடம் மட்டும்தான் தெரியும். இடி மின்னல் இல்லாத மழையில், குடையைப் பிடித்துக்கொண்டு போங்கள். தண்ணீர் எங்கே பாதைக்குள் நுழைகிறது, எங்கே வெளியேற முடியாமல் நிற்கிறது என்பதை அப்போதுதான் பார்க்க முடியும். எப்போதும் மேலிருந்து கீழே நடந்து வாருங்கள். பள்ளம் விழுந்த இடத்தில் கல்லைக் கொட்டிவிட்டுப் போவதுதான் நம் ஊரில் வழக்கம். தண்ணீர் வருகிற வழியை அடைக்காவிட்டால் அடுத்த மழை அந்தக் கல்லையும் கொண்டுபோய்விடும். ஆட்கூலி அதிகம் வீணாவது இதில்தான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரையில் வில் மாதிரி வளைந்த வெடிப்பு தெரிந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நேராகக் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

## பாதையில் நீளவாக்கில் வாய்க்கால் விழுகிறது

வண்டிச்சக்கரம் போகிற இரண்டு தடமும் பள்ளமாகி, சரளை கழுவப்பட்டு, அடிக்கல் துருத்திக்கொண்டு நிற்கும். கொழுந்து லொறி ஏறும்போது சக்கரம் சுற்றிச் சுற்றிக் கல்லைத் தெறிக்க வைக்கும்.

முதலில் பக்கக் கானை (வடிகாலை) பாருங்கள். மேல்கரையின் அடியில் ஓடுகிற கான் இலையும் மண்ணும் விழுந்து தூர்ந்திருக்கும். கானில் ஓட வேண்டிய தண்ணீர் பாதைக்கு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் கான்வெட்டுக்கு ஆள் விட்டாலே பாதித் தொல்லை தீரும். அள்ளிய மண்ணைப் பாதையின் வெளி ஓரத்தில் குவிக்க விடாதீர்கள்.

அப்புறம் அந்த வெளி ஓரத்தையே பாருங்கள். பாதை மட்டத்தை விட உயரமாக ஒரு புல்வரம்பு வளர்ந்திருக்கும். பலமுறை மண் அள்ளி ஓரத்தில் தள்ளியதால் வந்தது அது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தண்ணீர் கரையைத் தாண்டிப் போக முடியாமல் பாதையையே வாய்க்காலாக்கிக்கொண்டு இறங்கும். வரம்பு முழுவதையும் வெட்டித் தள்ள வேண்டாம். கீழே உறுதியான புல்லோ பாறையோ உள்ள இடமாகப் பார்த்து மண்வெட்டி அகலத்துக்கு வாய் திறந்துவிடுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தால் குறுக்குக் கான் போதவில்லை. சரிவை அளக்காமல் இதை முடிவு செய்ய முடியாது. பாதை நெடுக 10 மீற்றர் அளந்து இரண்டு முனையிலும் முளை அடியுங்கள். ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முளைக்கும் உயர வித்தியாசம் பாருங்கள். 1 மீற்றர் வித்தியாசம் என்றால் சரிவு 100க்கு 10. சரிவு 100க்கு 5 என்றால் ஏறக்குறைய 40 மீற்றருக்கு ஒரு குறுக்குக் கான் வேண்டும். 10 என்றால் 25 மீற்றருக்கு ஒன்று, 15 என்றால் 18 மீற்றருக்கு ஒன்று, 20 என்றால் 14 மீற்றருக்கு ஒன்று. மண் பொடியாக இருந்தால் இன்னும் நெருக்கிப் போடுங்கள்.

குறுக்குக் கானைப் பாதைக்கு நேர்குறுக்காக வெட்டினால் மண் தங்கித் தூர்ந்துவிடும். நேர்குறுக்கிலிருந்து ஏறக்குறைய 30 பாகை கீழ்ப்பக்கமாகத் திருப்பி வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணைக் கானின் கீழ்ப்பக்கம் மேடாகப் போட்டு மிதித்து இறுக்குங்கள். மேட்டின் தலைக்கும் கானின் அடிக்கும் 30 சென்ரிமீற்றர் இருந்தால் வண்டியும் ஏறும், தண்ணீரும் தாண்டாது. கான் முடிகிற இடம் இன்னும் முக்கியம். புதிதாகக் கொட்டிய மண்ணிலோ, தேயிலைச் செடியின் தூரிலோ, லயத்துக் கூரைக்கு மேலோ தண்ணீரை விடக்கூடாது. வேறு இடமே இல்லையென்றால் அந்த வாயில் கல் அடுக்குங்கள்.

எல்லாம் செய்தும் நிற்கவில்லை, சரிவும் 100க்கு 15க்கு மேல் என்றால் மண்பாதை தாங்காது. சக்கரத் தடம் இரண்டுக்கு மட்டும் கொங்கிரீட் பட்டி போடலாம், அல்லது அந்தத் துண்டைக் கல் பதித்து மூடலாம். இதற்கு மட்டும் ஒரு பொறியியலாளரைக் கூப்பிட்டு அளவு வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். கான் இல்லாமல் போட்ட கொங்கிரீட்டின் ஓரத்தைத் தண்ணீர் குடைந்தால், இரண்டு பருவத்தில் பட்டி பாலம் மாதிரி அந்தரத்தில் நிற்கும்.

## மதகு இருந்தும் தண்ணீர் பாதைக்கு மேலே ஓடுகிறது

மதகு என்பது பாதைக்கு அடியால் தண்ணீரைக் கடத்துகிற குழாய். அதன் வாய் அடைபட்டிருந்தால் கையாலேயே எடுக்கலாம். கவ்வாத்துக் குச்சி (தேயிலைச் செடியை வெட்டிவிடும்போது விழுவது), பொலித்தீன், வாழைத்தண்டு, இவைதான் பெரும்பாலும். வாய்க்கு ஒரு மீற்றர் முன்னால் நாலு கம்பியை நட்டுவிட்டால் குச்சி அங்கே நிற்கும், அள்ளுவதும் சுலபம். கவ்வாத்து நடக்கிற மாதத்தில் மதகை வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

வாய் சுத்தமாக இருந்தும் உள்ளே பாதி மண் நிறைந்திருந்தால் குழாய்க்குச் சரிவு போதவில்லை. தோண்டி எடுத்து மறுபடி இறக்க வேண்டும். அள்ளிக்கொண்டே இருப்பது மருந்து ஆகாது.

கீழ்வாயைப் பார்க்க மறந்துவிடுகிறோம். தண்ணீர் விழுகிற இடத்தில் குழி விழுந்து, அந்தக் குழி பாதையை நோக்கிப் பின்னால் நகர்ந்து வரும். குழிக்குள் பெரிய கல்லைப் போட்டு, மேலே சிறு கல்லால் இடைவெளியை நிரப்பிப் படுக்கையாக்குங்கள். குழி ஆள் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டால், அல்லது குழாயைச் சுற்றி வெளிப்பக்கமாகத் தண்ணீர் கசிந்தால், பாதைக்கு மேலே தெரியாவிட்டாலும் உள்ளே மண் போய்க்கொண்டிருக்கிறது. கனரக வண்டியை நிறுத்திவிட்டுப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். குழாயின் அளவே போதாது என்றாலும் அவரிடம்தான் போக வேண்டும். மேலே எத்தனை ஏக்கர் மலையின் தண்ணீர் அங்கே சேர்கிறது என்று கணக்குப் பார்க்காமல் குழாய் வாங்கக்கூடாது.

## மேல்கரை அடிக்கடி சரிந்து கானை மூடுகிறது

விழுந்த மண்ணை பெக்கோ அள்ளும்போது கரையின் அடியையும் ஒரு வாய் சேர்த்துச் சுரண்டிவிடும். அடி போனால் மேலே உள்ளது மறுபடி விழும், மறுபடி அள்ளுவார்கள். வருசா வருசம் ஒரே இடம் விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். விழுந்த மண்ணில் கானுக்குத் தேவையான இடத்தை மட்டும் கையால் எடுத்துவிட்டு, கரையின் அடியில் கிடப்பதை அங்கேயே விட்டு மேலே கல் அடுக்குங்கள்.

அடியைத் தொடாமலும் விழுகிறது என்றால் கரைக்கு மேலே ஏறிப் பாருங்கள். தேயிலை மலையின் பழைய கான் எங்கேயாவது உடைந்து அந்த இடத்தில் தண்ணீரை ஊற்றும். நம் தேயிலை மலைகளில் மட்டத்தோடு வெட்டிய கானும், கானுக்குள் இடைவிட்டு மண் தங்கும் குழியும் அந்தக் காலத்திலிருந்தே இருக்கின்றன. புதுப் பாதை வெட்டும்போது அந்தக் கானைக் குறுக்கே அறுத்துவிடுவார்கள். அறுந்த முனையிலிருந்து வரும் தண்ணீர் முழுவதும் புதுக் கரையில் இறங்கும். அறுந்த கானை மேலேயே திருப்பி ஒரு நல்ல ஓடைக்குச் சேர்த்துவிட்டால் கரை தானாக அடங்கும். அப்புறம் மட்டத்தோடு வரிசையாக வெட்டிவேரோ மானாப்புல்லோ நடலாம்.

கரை 3 மீற்றருக்கு மேல் உயரம், நடுவிலிருந்து தண்ணீர் ஊறுகிறது, அல்லது கரைக்கு மேலே வீடு இருக்கிறது என்றால் கல் அடுக்கிப் பார்க்க வேண்டாம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எழுதுங்கள். நுவரெலியாவிலும் பதுளையிலும் கண்டியிலும் வீடு கட்ட மண்சரிவு அறிக்கை கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

## துளையிடும் தளம் சேறாகி வழிகிறது

துளையிலிருந்து வரும் கல்பொடியும் தண்ணீரும் குழியில் தங்க வேண்டும். வழிகிறது என்றால் குழி சின்னதாக இருக்கும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீரும் அதற்குள் வரும்.

மழைத்தண்ணீரை முதலில் பிரித்துவிடுங்கள். தளத்தின் மேல்பக்கம் பிறை வடிவில் ஒரு கான் வெட்டி, மேலே இருந்து வருவதைத் தளத்துக்குள் வரவிடாமல் இரண்டு பக்கமும் திருப்புங்கள். ஒரு காலை வேலைதான். வண்டி வருவதற்கு முதல்நாளே செய்திருக்க வேண்டிய வேலையும்கூட.

அப்புறம் குழியைக் கணக்குப் பாருங்கள். 165 மில்லிமீற்றர் விட்டத்தில் 100 மீற்றர் ஆழம் போனால் வெளியே வரும் பாறை மட்டும் 2 கன மீற்றருக்குச் சற்று மேல். பொடியானதும் அது உப்பி 3 கன மீற்றரைத் தொடும். 2 மீற்றர் நீளம், 1.5 மீற்றர் அகலம், 1 மீற்றர் ஆழத்தில் ஒரு குழி வெட்டினால் பொடிக்கே சரியாகிவிடும், தண்ணீருக்கு இடமில்லை. அதனால் இரண்டு குழி வேண்டும். முதல் குழியில் பொடி தங்கும். மேலே தெளிந்தது ஒரு தாழ்ந்த வாய் வழியாக இரண்டாவது குழிக்கு வழியும். முதல் குழி பாதி நிறைந்ததும் அள்ளிவிட வேண்டும்.

குழியை எங்கே வெட்டுகிறார்கள் என்பதையும் நின்று பாருங்கள். வேலை செய்கிறவர்களுக்கு வசதி என்று தளத்தின் வெளி ஓரத்தில் வெட்டுவார்கள். அது பெக்கோ தள்ளிய புதுமண். குழித் தண்ணீர் அதற்குள் ஊறினால் ஓரமே இறங்கிவிடும். மலைப்பக்கம், வெட்டிய கெட்டி மண்ணில்தான் குழி இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆழத்தில் தண்ணீர் கிடைத்து அது தொடர்ந்து மேலே வந்தால் எந்தக் குழியும் போதாது. துளையிடுபவரிடம் சொல்லி வேலையை நிறுத்தி, ரப்பர் குழாய் போட்டுப் பாறை உள்ள ஓடைவரை கொண்டுபோய் விடுங்கள். சும்மா சரிவில் திறந்துவிட்டால் ஒரே இரவில் ஆள் இறங்குகிற அளவுக்குப் பள்ளம் அறுத்துவிடும்.

## பீலித் தண்ணீர் கலங்குகிறது

மற்ற எல்லாவற்றையும் விட இதற்கு உடனே ஓட வேண்டும். பீலி என்பது ஓடைத் தண்ணீர் வந்து விழுகிற குழாய்வாய். லயத்தில் குடிப்பதும் சமைப்பதும் பெரும்பாலும் இந்தத் தண்ணீரில்தான். முதல் வேலையாக லயத்துக்குச் சொல்லுங்கள், தெளியும்வரை குடிதண்ணீருக்கு வேறு வழி செய்யுங்கள்.

அடுத்தது போத்தல். ஒன்றைப் பாதைக்கும் தளத்துக்கும் மேலே ஓடையில் நிரப்புங்கள், மற்றதைப் பீலியில் நிரப்புங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு கலங்கல் என்றால் காரணம் இன்னும் மேலே இருக்கிறது, உங்கள் பாதையில்லை. மேல்போத்தல் தெளிவு, கீழ்ப்போத்தல் கலங்கல் என்றால் நிறத்தைக் கவனியுங்கள். செம்மண் நிறமாக இருந்தால் பாதையிலிருந்தோ கரையிலிருந்தோ வருகிறது. சாம்பல் நிறமாக, பால் கலந்த மாதிரி இருந்தால் துளையிலிருந்து வரும் கல்பொடி. துளை இன்னும் மேல்மண்ணில் இருக்கும்போது அதன் சேறும் செந்நிறமாகத்தான் இருக்கும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போத்தலை அசைக்காமல் ஒரு மணிநேரம் வையுங்கள். அடியில் மணல் படிந்து மேலே தெளிந்தால் ஓடையில் கல்லால் ஒரு சிறு தடுப்பும், அதற்கு மேலே மண் தங்க ஒரு குழியும் போதும். ஒரு மணிநேரம் கழித்தும் அப்படியே இருந்தால் அது களி. களி படிய நாள்கணக்கில் ஆகும், எந்தத் தடுப்புக்கும் அகப்படாது. அது புறப்படுகிற இடத்திலேயே மண்ணை மூடித்தான் நிறுத்த முடியும். வெறும் மண்ணாகக் கிடக்கிற கரைக்கு அன்றைக்கே புல்லோ கவ்வாத்துக் கழிவோ போட்டு மூடுங்கள்.

குழியிலிருந்து தெளியாத தண்ணீரை ஓடைக்கு விடுகிறார்கள் என்று கண்டால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் தகவல் கொடுங்கள். கலங்காமல் பீலி மெலிந்துகொண்டே வந்தால் அது வேறு விசயம், நிலத்தடி நீர் திசை மாறியிருக்கலாம். உமா ஓயா நீர்த்திட்டத்துக்காகத் தோண்டிய சுரங்கத்துக்குள் தண்ணீர் உடைத்தபோது பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றியதை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. அதற்கு நீர்வள சபையைத்தான் கேட்க வேண்டும்.

## மண்தடுப்பு வேலி கட்டியும் மண் போகிறது

மண்தடுப்பு வேலி என்பது தண்ணீரை வடியவிட்டு மண்ணை நிறுத்த முளைகளில் கட்டுகிற துணி. அடியால் போகிறது என்றால் துணியைப் புதைக்கவில்லை. 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் சால் வெட்டி, துணியின் அடியை உள்ளே மடித்து மண் போட்டு இறுக்குங்கள். ஓரத்தால் போகிறது என்றால் வேலி மட்டத்தோடு இல்லை. இரண்டு முனையையும் மலைப்பக்கம் வளைத்துவிடுங்கள். சாய்ந்து விழுந்திருந்தால் மண்ணை அள்ளவில்லை, உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மண் ஏறியதும் அள்ள வேண்டும். ஓடைக்குக் குறுக்கே வேலி கட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், ஓடுகிற தண்ணீரை அது தாங்காது.

உரப்பையைக் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். உரப்பை தண்ணீரை வடிக்காமல் தேக்கும், பாரம் தாங்காமல் முளையோடு சாயும். சணல் சாக்கு நன்றாக வடிக்கும், ஆனால் சீக்கிரம் உக்கும். ஒரு பருவத்துக்கு அது போதும்.

## நட்ட புல் பிடிக்கவில்லை

புல்லில் குறையில்லை, பெரும்பாலும் மேல்மண் இல்லாததுதான் காரணம். பெக்கோ முதலில் வழித்த கறுத்த மண் அடியிலும், மஞ்சள் அடிமண் மேலேயும் போயிருக்கும். நம் நாட்டில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. அது இருக்கிற அமெரிக்காவில், 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலக்கரி தேடித் துளையிடுகிறவர் தளத்தையும் பாதையையும் பழையபடி சீர்செய்துவிட்டுத்தான் போக வேண்டும். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்து, கடைசியில் மேலே பரப்புவது அந்த வேலையின் ஒரு பாகம். பெக்கோக்காரரிடம் முதல் நாளே சொன்னால் இங்கேயும் செய்யலாம். ஏற்கெனவே கலந்துவிட்டது என்றால் குழிக்குழியாகத் தோண்டி மாட்டெரு போட்டு நடுங்கள். வண்டி ஏறி இறுகிப்போன தளத்தைப் பல் உள்ள இரும்பு முள்ளால் குத்திக் கிளறாமல் எதை நட்டாலும் வேர் இறங்காது.

## தளத்தின் ஓரத்தில் அல்லது பாதையில் வெடிப்பு

களிமண் காய்ந்தால் வலைபோல எல்லாத் திசையிலும் வெடிக்கும். அது பயப்படுகிற விசயமில்லை. வெளி ஓரத்துக்குச் சமாந்தரமாக, இரண்டு முனையும் கீழ்ப்பக்கம் வளைந்து ஒரே வெடிப்பு ஓடினால், வெளிப்பக்கம் விரலளவு தாழ்ந்தும் இருந்தால், நிலம் இறங்கத் தொடங்கிவிட்டது. நேராக நின்ற மரமோ கம்பமோ சாய்வது, லயத்துக் கதவு திடீரென்று இறுகுவது, புதிதாக ஊற்றுத் தண்ணீர் வருவது, பழைய ஊற்று சட்டென்று நிற்பது, எல்லாம் இதே கூட்டம்தான்.

வண்டியையும் ஆட்களையும் உடனே எடுங்கள். வெடிப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு முளை அடித்து இடைவெளியை அளந்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். போகிற வழி பாதுகாப்பாக இருந்தால் மட்டும் வெடிப்பைக் களிமண்ணால் அடைத்து மேலே பொலித்தீன் விரியுங்கள், மேலிருந்து வரும் தண்ணீரைத் திருப்புங்கள். கொங்கிரீட் போட்டு மூடாதீர்கள். பாரம் கூடும், வெடிப்பு வளர்வதும் தெரியாமல் போகும். இடைவெளி கூடிக்கொண்டே போனால் கீழே இருக்கிற லயத்தை அப்போதே எழுப்புங்கள்.

மழை அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் முதல் எச்சரிக்கை, 100 என்றால் இரண்டாவது. 150ஐத் தொட்டாலோ, ஒரே மணிநேரத்தில் 75 பெய்தாலோ இடத்தை விட்டு வெளியேற வேண்டும். தோட்டத்து ஒபிசில் மழைமானி இருக்கும். இல்லாவிட்டால் வாயும் அடியும் ஒரே அகலமுள்ள ஒரு டின்னை வெளியில் வைத்து அளவுகோலால் அளந்தாலும் கிட்டத்தட்டச் சரியாக வரும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை அறிந்தவர்களுக்கு இந்த எண்களை எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. வெடிப்பு ஏற்கெனவே தெரிகிற இடத்தில் எண் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் சொல்லுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்து அதிகாரி வரும்போது முளை அளவு எழுதிய தாள், ஒரே இடத்தில் நின்று வெவ்வேறு நாளில் எடுத்த படங்கள், மழை அளவு, கீழே எத்தனை குடும்பம் என்ற விபரம், பாதை வெட்டிய திகதி, துளையின் ஆழம், எந்த ஆழத்தில் தண்ணீர் வந்தது என்ற குறிப்பு எல்லாம் கையில் இருக்கட்டும். துளையிட்டவரிடம் கடைசி இரண்டையும் அவர் வண்டி புறப்படுவதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.